படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவை எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது?

ரங்கூன்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது, இங்கே ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறோம். வழக்கம்தான் உங்களுக்கே தெரியுமே, நர்ஸ் ஊசி மருந்தைப் பார்ப்பார், துடைப்பது திருப்புவது எல்லாம் கூட இருக்கிறவர் வேலை. பகலில் அம்மா, ராத்திரி நான். தலைமாட்டைத் தூக்கிவைத்தால் கொஞ்ச நேரத்தில் கால்மாட்டுக்குச் சறுக்கிவிடுகிறார். கக்கத்தில் கை கொடுத்து மேலே இழுத்தால் தோள் வலிக்கிறது என்று முனகுகிறார். வால் எலும்புப் பக்கம் லேசாகச் சிவந்திருக்கிறது. பக்கத்துக் கட்டில் அம்மா, இங்கே முகத்தில் பூசுகிற தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசித் தேய்க்கச் சொல்கிறார். செய்யலாமா?

மோல்மீன் அக்கா:
தம்பி, கக்கத்தில் பிடித்து இழுப்பதை இன்றோடு விடுங்கள். விழுந்த பக்கத்துத் தோளைப் பிடித்துவைக்கத் தசைக்குப் பலம் கிடையாது, இழுத்தால் மூட்டு நழுவும். இன்னொன்று, இழுக்கும்போது மேல் தோல் விரிப்போடு ஒட்டிக்கொள்ளும், உள்ளே எலும்பு மட்டும் நகரும், நடுவில் இருக்கிற ரத்தக்குழாய் நசுங்கும். புண் அங்கேதான் ஆரம்பிக்கும்.

வீட்டில் பழைய லுங்கி இருக்குமே, தையலைப் பிரித்து ஒற்றைத் துணியாக்கி, தோளிலிருந்து தொடை வரைக்கும் அவருக்கு அடியில் சுருக்கம் இல்லாமல் விரித்துவிடுங்கள். மேலே ஏற்றும்போது கட்டில் சக்கரத்தைப் பூட்டி, தலைமாட்டை இறக்கி, இரண்டு பக்கமும் ஆள் நின்று, துணியை அவர் உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று என்று சொல்லிச் சேர்ந்து நகர்த்துங்கள். முழங்காலை மடக்கி நில்லுங்கள், இல்லாவிட்டால் உங்கள் இடுப்பும் போய்விடும். மூக்குக் குழாயில் ஆகாரம் போய்க்கொண்டிருந்தால் நர்ஸைக் கேட்காமல் தலைமாட்டை இறக்காதீர்கள்.

சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் சமாளிக்கலாம். வெளுக்கவே இல்லை என்றால் அதுதான் படுக்கைப் புண்ணின் முதல் நிலை, உடனே நர்ஸிடம் காட்டுங்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, அதனால் சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டும் பாருங்கள். தனக்கா முகத்துக்கு நல்லது, இங்கே வேண்டாம். எதைப் பூசினாலும் சரி, சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது.

பகோ வாசகன்:
ரப்பர் வளையம் வாங்கி அடியில் வையுங்கள், கடைகளில் கிடைக்கிறது. காற்று மெத்தை போட்டால் திருப்பவே தேவையில்லை என்கிறார்கள்.

மோல்மீன் அக்கா:
இரண்டும் தப்புங்க. வளையம் சுற்றிவர அழுத்தி நடுவில் ரத்தம் போகாமல் செய்துவிடும். காற்று மெத்தை நல்லதுதான், ஆனாலும் திருப்பத்தான் வேண்டும், அதுவும் நம் ஊரில் கரண்ட் போனால் காற்று இறங்கி மனிதர் கட்டில் பலகையிலேயே கிடப்பார்.

பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பச் சொல்வார்கள். இப்போதே சிவந்திருப்பதால் இன்னும் சீக்கிரம் திருப்ப வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். முழுக்க ஒருக்களித்துப் போட்டால் இடுப்பு எலும்பு அழுந்தும், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று, குதிகால் மெத்தையில் படவே கூடாது. தலைமாட்டைத் தூக்குவதற்கு முன்னால் தொடைக்கு அடியில் தலையணை வைத்தால் சறுக்குவது குறையும். கஞ்சி கொடுக்கும்போது மட்டும் நன்றாக நிமிர்த்தி உட்காரவையுங்கள், குடித்த பிறகும் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும், உடனே படுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும்.

ரங்கூன்காரன்:
ரொம்ப நன்றி அக்கா. அழுத்திப் பார்த்தேன், வெளுக்கிறது. இன்னொரு சந்தேகம், விழுந்த வலது பக்கமாகப் படுக்கவைக்கலாமா? அம்மா பயப்படுகிறார்.

மோல்மீன் அக்கா:
வைக்கலாம், டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரைக்கும். அந்தத் தோள் உடம்புக்கு அடியில் மாட்டாமல் கொஞ்சம் முன்னுக்கு எடுத்துவிட்டு, கையைத் தலையணையில் நீட்டிவையுங்கள். அந்தப் பக்கம் உணர்ச்சி குறைவாக இருந்தால் அழுந்தினாலும் அவருக்கு வலி தெரியாது, அதனால் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ராத்திரிக்குப் போனில் அலாரம் வையுங்கள். எந்த நேரத்தில் எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் எழுதித் தலைமாட்டில் ஒட்டினால் அம்மாவுக்கும் குழப்பம் வராது.