ஏ லைனை அணைத்தால் பி லைனும் ட்ரிப் ஆகிறது, உதவி தேவை

அம்பத்தூர் அட்மின்:
எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்கிறேன். சர்வர்களை அடுக்கிய ரேக் ஒன்று, அதில் இரண்டு பிடியூ (சர்வர்களுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் ப்ளக் பட்டை). ஏ, பி இரண்டுக்கும் தனித்தனி யூபிஎஸ், தனித்தனி 16 ஆம்ப் எம்சிபி (லோடு கூடினால் தானாக ட்ரிப் ஆகி கரண்டை நிறுத்தும் ஸ்விட்ச்). எல்லா சர்வரிலும் இரட்டை பவர் சப்ளை இருக்கிறது, அதனால் ஒரு பக்கம் போனால் மறுபக்கம் தாங்கும் என்றுதான் இருந்தோம். பேட்டரி மாற்ற ஏ யூபிஎஸ்ஸை அணைத்தார்கள், எல்லாம் நன்றாக ஓடியது, அரை மணி நேரம் கழித்து பி எம்சிபி ட்ரிப் ஆகி ரேக் மொத்தமும் நின்றுவிட்டது. ஷார்ட் எதுவும் இல்லை. எலெக்ட்ரீஷியன் 32 ஆம்ப் எம்சிபி போட்டுவிடலாம் என்கிறார். போடலாமா?

பேனல் போர்டு:
வேண்டாம் சார், போடவே போடாதீர்கள். எம்சிபி இருப்பது வயரைக் காப்பாற்ற. வயர், சாக்கெட், பிடியூ எல்லாம் 16 ஆம்புக்கு இருக்கும்போது எம்சிபியை மட்டும் 32 ஆக்கினால், வயர் சூடாகி உருகினாலும் அது ட்ரிப் ஆகாது. இரண்டு பிடியூவிலும் ரீடிங் என்ன? வயர் என்ன அளவு?

அம்பத்தூர் அட்மின்:
ஏ 9.4, பி 9.1 ஆம்ப். வயர் 2.5 ஸ்கொயர் எம்எம். டிபி (எம்சிபி இருக்கும் பெட்டி) மாடிப்படிக்கு அடியில், ஏசி கிடையாது. பி ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன், ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறது.

பேனல் போர்டு:
அப்போது விஷயம் அதுதான். ஏ போனதும் மொத்தம் 18.5 ஆம்பும் பி தலையில் விழுகிறது. 16 ஆம்ப் எம்சிபி அந்த அளவுக்கு உடனே ட்ரிப் ஆகாது, உள்ளே இருக்கும் பட்டை மெல்லச் சூடாகித்தான் ட்ரிப் ஆகும். அதன் ரேட்டிங்கே 30 டிகிரிக்குக் கணக்கிட்டது, சென்னை வெயிலில் ஏசி இல்லாத மூடிய டிபிக்குள் இன்னும் சீக்கிரம் போகும். தனித்தனியாகப் பார்த்தால் பாதிக்கு மேல் கொஞ்சம்தான் ஓடுகிறது, நிறைய இடம் மிச்சம் இருப்பதுபோல் தோன்றும், பலர் ஏமாறுவது இங்கேதான். இரண்டையும் கூட்டினாலும் ஒரு லைனின் 80 சதவீதத்துக்குள், அதாவது 12.8 ஆம்புக்குள் இருக்க வேண்டும். அந்தப் பழுப்பேறிய ப்ளக், சாக்கெட் இரண்டையும் இனி பயன்படுத்தாதீர்கள், உடனே மாற்றுங்கள்.

ஓஎம்ஆர் நைட்ஷிப்ட்:
நிரந்தரத் தீர்வு என்றால் இரண்டு பக்கமும் 6 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், 32 ஆம்ப் எம்சிபி, 32 ஆம்ப் இண்டஸ்ட்ரியல் சாக்கெட், அதற்கேற்ற பிடியூ, எல்லாம் சேர்த்துத்தான், லைசென்ஸ் உள்ளவரை வைத்து. வயர் போகும் வழி, நீளம் பார்த்து அளவை அவர் உறுதி செய்யட்டும். ஒவ்வொரு யூபிஎஸ்ஸும் தனியாக முழு லோடையும் தாங்குமா என்பதையும் பாருங்கள், 18.5 ஆம்ப் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 4.3 கேவிஏ (யூபிஎஸ்ஸின் திறனைச் சொல்லும் அளவு).

அம்பத்தூர் அட்மின்:
யூபிஎஸ் இரண்டுமே 6 கேவிஏ. ஆனால் வேலை முடிய நாளாகும், அதுவரை?

ஓஎம்ஆர் நைட்ஷிப்ட்:
டெஸ்ட் சர்வர்களை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் தனி சர்க்யூட் உள்ள வேறு இடத்துக்கு மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மட்டும் கோர்க்காதீர்கள். வேலை முடிந்ததும் பேக்கப் எடுத்துவிட்டு, ஒரு லீவு நாள் மதியம் ஏ பக்கத்தை அணைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடவிட்டுப் பாருங்கள். அப்புறம் பி பக்கத்தையும் அதேபோல. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு சரி என்று சொல்லிவிடாதீர்கள்.