சுழற்றி இழுத்த துளை ஃபைபர்: உங்கள் அனுபவம் என்ன?

டவர்க்காரன்
மூன்று வருடமாகியும் மனதை விட்டுப் போகாததால் எழுதுகிறேன். துளை ஃபைபர், அதாவது நீளவாக்கில் துளைகள் ஓடும் ஒளியிழை. கேபிலரி எனும் மெல்லிய கண்ணாடிக் குழாய்களை அடுக்கிச் செய்த ப்ரீஃபார்ம், உலையில் இளக்கி ஃபைபராக இழுக்கும் தண்டு. பிஎம்டியை (ஒளியின் இரு துருவமுனைப்புகளும் வெவ்வேறு வேகத்தில் போவதால் வரும் சிதறலை) குறைக்க அதையே மோட்டாரில் சுழற்றி இழுத்தோம். நிமிடத்துக்கு 10 மீட்டர், 500 சுற்று, அதாவது 20 மில்லிமீட்டருக்கு ஒரு முழுச் சுற்று என்பது திட்டம். 200 சுற்று வரை ஒரு சத்தமும் இல்லை. 400 தாண்டியதும், அதுவரை 125 மைக்ரானில் அசையாமல் நின்ற, ஃபைபர் விட்டத்தைக் காட்டும் கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்க ஆரம்பித்தது. கறுப்புக் கண்ணாடி வழியாக உலைக்குள் பார்த்தேன், கழுத்து, அதாவது தண்டு இளகி ஃபைபராக மெலியும் இடம், சின்னதாக ஒரு வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. ப்ரீஃபார்மில் கண்ணுக்கே தெரியாத ஒரு வளைவு இருந்திருக்கிறது.

முனையை வெட்டிப் பார்த்தால் உள்வளையத்தின் ஆறு துளைகளில் இரண்டு மட்டும் சுருங்கியிருந்தன. அடையாளத்துக்கு வைத்த தடித்த கேபிலரியிலிருந்து எண்ணினேன், எங்கே வெட்டினாலும் அதே இரண்டு! சுழற்றினால் சூடு எல்லாப் பக்கமும் சமமாகப் படும் என்று நம்பியிருந்தேன். வளைந்த தண்டில் அது நடக்காது. புடைத்த பக்கம் உலைச் சுவரை ஒட்டியேதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

கேன்அடுக்கி
சூடான பக்கம் சுருங்கியது என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. மேற்பரப்பு இழுவிசை 1 மைக்ரான் ஆரமுள்ள துளையை ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் நெருக்கும். உள்ளே வாயு அதைவிட அதிகமாகத் தள்ளினால் சூடான பக்கத் துளை பெரிதாகத்தான் ஆகும். நீங்கள் மேல்முனையை மூடிவைத்தீர்களா, இல்லை சுழலும் சீல் வழியாக வாயு கொடுத்தீர்களா? எனக்கு ஒருமுறை அந்த சீலில்தான் கசிவு, பாதி இழுவையில் துளைகள் எல்லாமே சேர்ந்து சுருங்கின, அதோடு அந்த ப்ரீஃபார்ம் போயிற்று.

அப்புறம் ஒன்று, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். உலையைப் பற்றவைக்கும் முன்பே குளிர்ந்த நிலையில் ப்ரீஃபார்மை மெதுவாகச் சுழற்றி, கீழ்முனையில் டயல் கேஜ் வைத்து ஆட்டத்தை அளந்துவிடுங்கள். மேலே சக் (பிடி) பிடித்த இடத்தில் அளந்தால் எதுவும் தெரியாது. ஆட்டம் இருந்தால் கைப்பிடிக் கண்ணாடியை மறுபடி சூடாக்கி நேராக்குங்கள், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். துளைகள் மூடிவிடக் கூடாது என்று துளை ஃபைபரைத் திட ஃபைபரைவிடக் குறைந்த சூட்டில், அதிக இழுவிசையில் இழுக்கிறோம், அங்கே கழுத்தின் ஆட்டம் தானாக அடங்கிவிடும் என்று காத்திருப்பது வீண்.

நூல்கண்டு
எங்கள் கதை வேறு. ஃபைபர் இழுக்கும் டவரில் சுழற்றவே வசதி இல்லை, அதனால் இழுத்து முடித்த ஃபைபரை முறுக்கிச் சுற்றினோம். அளவீடு நன்றாக வந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த நாள் இணைப்புக்காக வெட்டியதும், முனை என் இரு விரல்களுக்கு நடுவே தானாகப் புரண்டது. காகிதத் துண்டு ஒன்றை ஒட்டிப் பார்த்தேன், சுற்றிச் சுற்றித்தான் நின்றது. இளகிய கண்ணாடி சுழன்றால் வடிவம் மட்டும் திருகி உறைகிறது. ஆறிய கண்ணாடியை முறுக்கினால் தகைவு உள்ளேயே தங்கிவிடுகிறது, விட்டால் திரும்பிவிடும். ஸ்பின் வேறு, ட்விஸ்ட் வேறு என்று அன்றைக்குத்தான் கையில் உணர்ந்தேன்.

பீட்நீளம்
டவர்க்காரன், வளைவு இருக்கட்டும், உங்கள் கணக்கே எனக்கு உறுத்துகிறது. ஃபைபரின் பீட் நீளம் (இரு துருவமுனைப்புகளுக்கும் இடையே ஒரு முழு அலை வித்தியாசம் சேரும் தூரம்) எவ்வளவு? திட ஃபைபரைச் சுழற்றி இழுத்தால் பிஎம்டி குறையும் என்று பார்லோவும் பெயினும் அவர்களுடைய சகாவும் 1981-லேயே எழுதிவிட்டார்கள். ஆனால் சுற்றின் பிட்ச் (ஒரு முழுச் சுற்றுக்கான நீளம்) பீட் நீளத்தைவிடச் சின்னதாக இருந்தால்தான் ஒளி ஃபைபரின் கோணல் அச்சைப் பிடித்துக்கொள்ளும் முன்பே அச்சு திரும்பிவிடும். துளை ஃபைபரில் கண்ணாடிக்கும் காற்றுக்கும் ஒளிவிலகல் எண்ணில் 1.45-க்கு 1 என்ற வித்தியாசம், சின்ன கோர் (ஒளி ஓடும் நடுப்பகுதி) என்றால் துளை கொஞ்சம் கோணினாலே பீட் நீளம் சில மில்லிமீட்டருக்கு இறங்கிவிடும். அப்படியானால் 20 மில்லிமீட்டர் பிட்ச் எதற்கு உதவும்? பெரிய கோர் ஃபைபரில் விஷயம் வேறு, அங்கே பீட் நீளம் தாராளமாக இருக்கும்.

டவர்க்காரன்
கேன்அடுக்கி, மேல்முனையை மூடித்தான் இழுத்தோம், வெளியிலிருந்து வாயு எதுவும் கொடுக்கவில்லை. அந்த இரண்டு துளைகளின் சுருக்கத்துக்கு என் விளக்கம் இப்போதும் அதுதான்.

பீட்நீளம், சின்ன கோர்தான், 2 மைக்ரான் சுமார். பீட் நீளத்தை அன்றைக்கு அளக்கவில்லை, விட்ட ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம். அதே இழுவையில் சுழற்றும் முன் எடுத்த 40 மீட்டர் இன்னும் ஸ்பூலில் இருக்கிறது. இழுவிசை ஏறாமல் தளர்வாகச் சுற்றி இந்த வாரமே அளந்து எண்ணைப் போடுகிறேன்.