மறுவெளியீடா, கிடப்புத் தொகுப்பா?

> பதிந்த காலத்தில் வெளிவராமல், பல ஆண்டுகள் கழித்து முதன்முறை வரும் ஆல்பத்துக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறீர்கள். ‘மறுவெளியீடு’ இருக்கும்போது இன்னொரு சொல் எதற்கு?

அது வேறு, இது வேறு ஐயா. மங்க்ஸ் என்ற ராக் குழுவைப் பாருங்கள். ஜெர்மனியில் படைப்பணி செய்த அமெரிக்கர்கள். 1966-இல் ஆல்பம் கடைக்கு வந்தது, போணியாகவில்லை, பல ஆண்டுகள் கழித்து மறுபடி வந்தது. அதற்கு மறுவெளியீடு சரி.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து ராக் குழுவான டெத் (‘சாவு’ என்று பொருள்) கதை அப்படியல்ல. ஹேக்னி சகோதரர்கள் மூவரும் 1975-இல், அதாவது பங்க் என்ற வேகமான முரட்டு ராக் இசைக்குப் பேர்போன ராமோன்ஸ் குழுவின் முதல் ஆல்பத்துக்கு முந்தைய ஆண்டே, ஏழு பாட்டுப் பதிந்துவிட்டார்கள். குழுவின் பெயரை மாற்றுங்கள் என்றார் இசைத்தட்டு நிறுவனத் தலைவர் கிளைவ் டேவிஸ். முடியாது என்றார் அண்ணன் டேவிட். அத்தோடு ஒப்பந்தம் போயிற்று. 1976-இல் சொந்தச் செலவில் இரண்டு பாட்டை மட்டும் தட்டாக, 500 பிரதி போட்டார்கள். மீதி ஐந்தும் 2009-இல் டிராக் சிட்டி என்ற இசை நிறுவனம் வெளியிடும்வரை கடைக்கு வரவே இல்லை. முதன்முறை வருவதற்கு ‘மறு’ எப்படி ஒட்டும்?

> ‘தொலைந்த ஆல்பம்’ எனலாமே.

எங்கே தொலைந்தது? உலகம் ஒருநாள் இதைத் தேடி வரும், பத்திரமாக வை என்று சொல்லித் தம்பி பாபியிடம் நாடாக்களைக் கொடுத்தவர் டேவிட். 2000-இல் அவர் இறந்த பிறகும் அவை பாபியிடம்தான் இருந்தன. நாம் கேட்கவில்லை என்பதற்காகத் தொலைந்தது என்பது கொஞ்சம் அநியாயம்.

> ‘பரண் தொகுப்பு’?

எனக்கும் ஆசைதான். ஆனால் பரண் என்றால் ஓட்டை உடைசல் நினைவு வருகிறதே! அரைகுறை ஒத்திகைப் பதிவு போல என்று வாங்குபவர் ஒதுக்கிவிடுவார். இது ஒலிக்கூடத்தில் முறையாகப் பதிந்தது. ஒரு பாட்டு மிதந்தாற்போல மெதுவாகத் தொடங்கி, நடுவில் திடீரென ஓட்டம் பிடிக்கிறது. அப்புறம் டிரம்ஸ் தனியாக நின்று ஆடித் தீர்க்கிறது. கழித்துக்கட்டிய சரக்கு இப்படி இருக்காது.

என் பரிந்துரை ‘கிடப்புத் தொகுப்பு’. கோப்பைக் கிடப்பில் போட்டார்கள் என்று செய்தித்தாளில் படிக்கிறோம் அல்லவா? பொருள் அப்படியே இருக்கிறது, நகரவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்பது யாரும் விளக்காமலே புரிகிறது. தனிப்பாட்டானால் கிடப்புப் பாடல்.

இரண்டு பாட்டு முன்பே வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். வந்தது தட்டு, தொகுப்பு அல்ல. ஏழும் சேர்ந்து 2009-இல்தான் வந்தன.

டெத் குழுவினுடையது போல பங்க்குக்கு முன்னோடியான இசையை ‘முன்பங்க்’ என்பதா ‘தொல்பங்க்’ என்பதா என்ற சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.