சீபாப் ஹோஸில் விடியற்காலையில் தண்ணீர் தேங்குகிறது, எப்படித் தடுப்பது?

ஈரக்குழாய் கேட்டது:

வணக்கம். தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் சீபாப் மெஷின் என்னிடம் இருக்கிறது. அந்தக் காற்றுக்கு ஈரம் சேர்க்கும் தண்ணீர்த் தொட்டியும் (ஹியுமிடிஃபையர்) உண்டு. அழுத்தம் 10 (செ.மீ. நீர் அளவில்). ஹோஸ் சாதாரணமானது, 1.8 மீட்டர், சூடேற்றும் வசதி கிடையாது. மூக்கு மாஸ்க். ஈரப்பத அளவு 8-க்கு 6. ஏசி 22-இல் இரவு முழுக்க ஓடுகிறது. மூன்று, மூன்றரை மணி வாக்கில் ஹோஸுக்குள் களக் களக் என்று சத்தம் வரும், அப்புறம் மூக்கில் தண்ணீர் தெறிக்கும். ஈரப்பதத்தை 3-க்கு இறக்கினால் தண்ணீர் நிற்கிறது, ஆனால் தொண்டை காய்ந்துபோகிறது. காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றினால் சரியாகும் என்கிறார்களே, நிஜமா? சூடேற்றும் ஹோஸ் வாங்காமல் சமாளிக்க வழி உண்டா?

பனித்துளி:

வடித்த தண்ணீர் தொட்டியில் உப்புப் படியாமல் காக்கும், அவ்வளவுதான். எந்தத் தண்ணீரானாலும் நீராவி ஒன்றே.

ஐஸ் தண்ணீர் டம்ளர் வெளிப்பக்கம் வியர்க்கும் இல்லையா, உங்கள் ஹோஸ் உள்பக்கம் வியர்க்கிறது. தொட்டியிலிருந்து கிளம்பும் காற்று 27 டிகிரி, 85% ஈரப்பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன மீட்டருக்குச் சுமார் 22 கிராம் நீராவி இருக்கும். அதே காற்று 22 டிகிரிக்குக் குளிர்ந்தால் 19.4 கிராம்தான் தாங்கும். மீதி இரண்டரை கிராம் சுவரில் ஒட்டும். அழுத்தம் 10-இல் மாஸ்க்கின் துளைகள் வழியாக நிமிடத்துக்கு 35 லிட்டர் அளவில் காற்று வெளியேறும். எட்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 17 கன மீட்டர். கணக்குப் போட்டால் 40 மில்லி. அதில் பாதி ஒட்டினாலே ஹோஸ் தொய்ந்த இடத்தில் குட்டை கட்டப் போதும். படுத்த உடனே வராமல் மூன்று மணிக்கு வருவதும் இதனால்தான்: துளித்துளியாகச் சேர்ந்து காற்றின் பாதையை அடைக்க அத்தனை நேரம் பிடிக்கிறது.

ஆக, ஒன்று சுவரைக் கதகதப்பாக வைக்க வேண்டும், இல்லை நீராவியைக் குறைக்க வேண்டும். நீங்கள் இரண்டாவதை முதலில் செய்ததால்தான் தொண்டை காய்கிறது. இந்த வரிசையில் போய்ப் பாருங்கள்:

ஏசி காற்றோ மின்விசிறிக் காற்றோ ஹோஸ் மீது நேராக அடிக்கக் கூடாது. ஏசியின் இறக்கையை வேறு பக்கம் திருப்பி, 22-ஐ 24 ஆக்குங்கள். மேலே போட்ட கணக்கில் 24 டிகிரிக்கு 21.8 கிராம் வரும். அதாவது, மிச்சம் அநேகமாக இல்லை. பைசா செலவில்லாத வைத்தியம் இது, ஆனால் எல்லோரும் கடைசியாகத்தான் செய்வார்கள்.

அடுத்தது உறை. ஜிப் வைத்த துணி உறை ஹோஸ் நீளத்துக்கே விற்கிறது. இல்லாவிட்டால் கம்பளித் துணியை ஒரு விரல் அளவு மேலேறும்படி சுற்றிக்கொண்டே போய் இரண்டு முனையிலும் கட்டுங்கள். மெல்லிய பருத்தித் துணி பெரிதாக உதவாது. துணிக்குள் சிக்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது, அதனால் பஞ்சுபோல் தடிமனாக இருக்க வேண்டும். மாஸ்க்கில் மூச்சு வெளியேறும் சிறு துளைகளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மூடாதீர்கள். விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டிவரும்.

மெஷின் தலையணை மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். ஹோஸைத் தலைமாட்டுக்கு மேலே ஒரு கொக்கியில் தொங்கவிட்டு இறக்கினால் நடுவில் தொய்வு விழாது. கொக்கிக்கு மெஷின் பக்கம் உண்டாகும் துளிகள் தொட்டிக்கே வழிந்துவிடும். முகத்துப் பக்கத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

இத்தனைக்கும் பிறகு தண்ணீர் வந்தால், 6-இலிருந்து 5. இரண்டு இரவு பார்த்துவிட்டு 4. ஒரே தாவலில் 3-க்குப் போக வேண்டாம்.

வெப்பமானி:

மேலே சொன்னது சாதாரண ஹோஸுக்குச் சரி. சூடேற்றும் ஹோஸ் வாங்கினால் அந்த உறை, போர்வை யோசனையை அப்படியே கொண்டுபோகாதீர்கள். பல ஹோஸ்களில் வெப்பநிலை உணரி மாஸ்க் முனையில் இருக்கும். அந்த முனை போர்வைக்குள் கதகதப்பாகக் கிடந்தால், ஹோஸ் முழுக்கச் சூடாக இருப்பதாக நினைத்து மெஷின் சூட்டைக் குறைத்துவிடும். வெளியே கிடக்கும் நடுப்பகுதி குளிர்ந்து வியர்க்கும். சில மெஷின்களின் கையேட்டில் சூடேற்றும் ஹோஸைப் போர்வையால் மூடாதே என்று எச்சரிக்கையே இருக்கும். வாங்கியதும் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

ஹோஸ் உங்கள் மாடலுக்கு உரியதா என்பதும் முக்கியம். சூட்டுக்கான மின் இணைப்பு மெஷின் பக்க முனையிலேயே இருக்கும். வேறு மாடல் ஹோஸைச் செருகினால் காற்று போகும், சூடு வராது. ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10 என்ற சீபாப் மாடலில் தானியங்கி முறை 27 டிகிரியில் நிற்கும், ஹோஸ் வெப்பத்தை 16 முதல் 30 வரை மாற்றலாம், ஈரப்பதத்தைக் கைமுறையில் 1 முதல் 8 வரை வைக்கலாம். தண்ணீர் வந்தால் முதலில் ஹோஸ் வெப்பத்தை 28, 29 என்று ஏற்றுங்கள், ஈரப்பதத்தைத் தொடாதீர்கள். உங்களைப்போல் தொண்டை காய்கிறவர்களுக்கு இந்த வரிசைதான் பொருந்தும்.

சாதாரண ஹோஸிலேயே குழாய் அளவை மாற்றினால் (22 மி.மீ.க்குப் பதில் 15 மி.மீ.), மெனுவில் ஹோஸ் வகையையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் மாஸ்க்கில் வந்துசேரும் அழுத்தம் மாறும்.

ஈரக்குழாய்:

நன்றி. கொக்கி, 24 டிகிரி, கம்பளி உறை மூன்றும் செய்தாயிற்று. ஹோஸ் காய்ந்திருக்கிறது, களக் சத்தம் இல்லை. ஆனால் மாஸ்க்கின் வளைவுத் துண்டில் மட்டும் காலையில் துளிகள். ஈரப்பதத்தை 5 ஆக்கியும் போகவில்லை.

பனித்துளி:

அது வேறு தண்ணீர். நீங்கள் விடும் மூச்சு 34 டிகிரி அளவில் ஈரம் நிறைந்து வருகிறது. குளிர்ந்த பிளாஸ்டிக்கில் பட்டதும் துளியாகிறது. ஹியுமிடிஃபையரை அணைத்தாலும் கொஞ்சம் இருக்கும். அதனால் 5-ஐத் திரும்ப 6 ஆக்கிக்கொள்ளுங்கள். வளைவுத் துண்டில் துளை இல்லாத பகுதியைத் துணியால் சுற்றலாம், மாஸ்க்குடன் வரும் குட்டைக் குழாய்க்கும் உறை போடலாம். உச்சந்தலையில் ஹோஸ் இணையும் மாஸ்க்குகளில் இந்தத் தொந்தரவு கூடுதல், ஏனென்றால் கன்னத்தோரம் இறங்கும் குழல்களுக்குச் சூடு கிடையாது. மாஸ்க் ஓரத்தில் காற்று ஒழுகுகிறதா என்றும் பாருங்கள். ஒழுகினால் காற்றோட்டம் கூடி தொட்டித் தண்ணீர் சீக்கிரம் காலியாகும், தொண்டையும் காயும்.

வெப்பமானி:

நடுராத்திரியில் தண்ணீர் தேங்கினால் ஹோஸைத் தூக்கி மெஷின் பக்கம் வடிக்காதீர்கள், குட்டையாகச் சேர்ந்த தண்ணீர் மோட்டாருக்குள் போய்விடலாம். மெஷினை நிறுத்தி, ஹோஸை இரண்டு பக்கமும் கழற்றி, ஒரு முனையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டு உதறினால் போதும். தொட்டியில் அதிகபட்சக் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும், தண்ணீரோடு மெஷினை நகர்த்துவதும் அதே ஆபத்துதான்.

இன்னொன்று. ஹோஸைக் கழுவிய அன்று மட்டும் தண்ணீர் வந்தால் அது வியர்வை இல்லை, மடிப்புகளில் தங்கிய கழுவிய நீர். காலையிலேயே கழுவி, இரு முனைகளும் கீழே பார்க்க வெயில் படாத இடத்தில் தொங்கவிட்டால் இரவுக்குள் காய்ந்துவிடும்.