அரசி அணிந்த நகை என்றால் ஏலத்தில் இவ்வளவு விலையா? எதை நம்பிக் கேட்கிறார்கள்?

முத்துச்சிப்பி எழுதியது:

பெரிய ஏல நிறுவனங்களின் நகை ஏலங்களை இணையத்தில் விடாமல் பார்க்கிறவன் நான். கேட்டு வாங்கும் வசதி எனக்கு இல்லை, பழைய வேலைப்பாட்டின் மேல் இருக்கும் ஆசைதான். ஒரு விஷயம் மட்டும் ரொம்ப நாளாகப் புரியவில்லை. 2018 நவம்பரில் சோத்பீஸ் ஜெனீவாவில் பிரான்ஸ் அரசி மரி அந்துவானெத்தின் முத்துத் தொங்கல் ஒன்றை விற்றார்கள். ஏறக்குறைய 26 மில்லிமீட்டர் நீளமுள்ள இயற்கை முத்து, மேலே வைரத்தில் ஒரு வில்முடிச்சு. பட்டியலில் போட்ட மதிப்பு 10 முதல் 20 லட்சம் டாலர், விற்றதோ 3 கோடியே 60 லட்சம் டாலருக்கும் மேல். நிபுணர்கள் மதிப்பிட்டதில் இத்தனை மடங்கு வித்தியாசம் எப்படி வரும்? அதைவிட முக்கியமாக, அந்த முத்து அவள் கழுத்தில் கிடந்ததுதான் என்று யாருக்குத் தெரியும்? முத்து பேசாதே. சும்மா ஒரு கதையைக் கட்டிவிட்டு விலையை ஏற்றுகிறார்களா, இல்லை உண்மையிலேயே ஆதாரம் இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நீளமாக எழுதினாலும் படிப்பேன்.

பழையபெட்டி எழுதியது:

அந்த முத்துக்கு ஆதாரம் இருக்கிறது. அது கிடைத்த வழியே ஒரு வரலாறு.

1791-ல் அரச குடும்பம் பாரிஸை விட்டுத் தப்பத் திட்டமிட்டபோது ராணி தன் சொந்த நகைகளைப் பஞ்சில் சுற்றி ஒரு மரப்பெட்டியில் வைத்து பிரஸ்ஸல்ஸுக்கு அனுப்பினாள். கூடவே இருந்து கட்டிக்கொடுத்த பணிப்பெண் இதைப் பின்னாளில் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறாள். பெட்டி ராணியின் நம்பிக்கைக்குரிய மெர்சி அர்ஜான்தோ பிரபுவின் பொறுப்புக்குப் போய், பிறகு வியன்னா சேர்ந்தது. 1793 அக்டோபரில் அவளைக் கொன்றுவிட்டார்கள். குடும்பத்தில் உயிர் பிழைத்த மகள் மரி தெரேஸ் சிறையிலிருந்து விடுதலையாகி 1796-ல் வியன்னாவுக்கு வந்தபோது பெட்டி அவள் கைக்கு வந்தது. அவளுக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் முறையானவரின் மகளை அவள் வளர்த்தாள், அந்தப் பெண் வழியாக நகைகள் இத்தாலியின் பார்மா அரச குடும்பத்துக்குப் போயின, 2018 வரை அந்த வீட்டை விட்டு வெளியே வரவே இல்லை. நடுவில் குடும்பத்தார் எடுத்த நகைக் கணக்கும் இருக்கிறது. ஒரு வரி அறுந்திருந்தால்கூட அந்த முத்து நல்ல இயற்கை முத்து என்ற விலைக்குத்தான் போயிருக்கும்.

இன்னொரு உதாரணம் சொல்கிறேன், இது எனக்கு இன்னும் பிடிக்கும். அதே ராணியின் வைர வளை ஜோடியை 2021 நவம்பரில் கிறிஸ்டீஸ் ஜெனீவாவில் விற்றார்கள். இரண்டிலுமாகச் சேர்த்து 112 வைரம். 1794-ல் அந்தப் பெட்டியைத் திறந்து எடுத்த கணக்கில் ஒரு ஜோடி வளையின் அமைப்பு எழுதியிருக்கிறது, அந்த வருணனையோடு இந்த வளைகள் பொருந்துகின்றன. இருநூறு வருடத்துக்கு முன்னால் ஒரு அதிகாரி அலுத்துக்கொண்டு எழுதியிருக்கக்கூடிய ஒரு வரி இன்றைக்கு எத்தனை லட்சம் டாலரைத் தாங்குகிறது பாருங்கள். விற்றது சுமார் 75 லட்சம் ஸ்விஸ் ஃப்ராங்குக்கு.

மதிப்பீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அது நிபுணர்களின் ஆரூடம் இல்லை. கல், முத்து, பொன், வேலைப்பாடு இவற்றின் சந்தை விலையை ஒட்டி, கொஞ்சம் தாழ்த்தித்தான் போடுவார்கள். ஏனென்றால் குறைந்த தொகையைப் பார்த்தால்தான் நாலு பேர் கை தூக்குவார்கள். விற்பவர் மனதில் வைத்திருக்கும் அடிவிலை ரகசியம், ஆனால் அது பட்டியலில் உள்ள குறைந்த மதிப்பைத் தாண்டாது. ராணியின் பெயருக்கு என்ன விலை என்பதை மதிப்பிட ஆளே கிடையாது, அதைக் கூடத்தில் இருப்பவர்கள் சண்டை போட்டு முடிவு செய்ய விட்டுவிடுகிறார்கள். 1987 ஏப்ரலில், இங்கிலாந்தின் முன்னாள் மன்னர் எட்டாம் எட்வர்டின் மனைவியான விண்ட்சர் சீமாட்டியின் நகைகளுக்கும் இதுதான் நடந்தது. மொத்தம் 5 கோடி டாலர், எதிர்பார்த்ததைப்போலப் பல மடங்கு. அந்தப் பணம் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தின் மருத்துவ ஆராய்ச்சிக்குப் போனது என்பது தனி சந்தோஷம்.

அப்புறம் ஒரு சின்ன கணக்கு. பட்டியல் மதிப்பில் வாங்குபவர் கட்டணம் சேர்ந்திருக்காது, செய்தியில் வரும் தொகையில் சேர்ந்திருக்கும். உங்கள் முத்துக்கு சுத்தியல் விழுந்தது 3 கோடியே 20 லட்சம் ஃப்ராங்கில். கட்டணம் சேர்ந்து 3 கோடியே 64 லட்சம். இரண்டையும் நேராக ஒப்பிடாதீர்கள்.

கல்நோக்கி எழுதியது:

பழையபெட்டி சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அது உச்சாணிக் கொம்பில் இருக்கும் சில நகைகளின் கதை. ஒரு ஏலத்தில் நூறு இருநூறு நகை வரும், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ராணியும் கிடையாது மரப்பெட்டியும் கிடையாது. அங்கே எதைப் பார்ப்பது என்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

முதலில் பட்டியலின் வாசகத்தை வக்கீல் பத்திரம் படிப்பதுபோலப் படிக்க வேண்டும். தலைப்பிலேயே பாரிஸின் நகை நிறுவனமான கார்டியேயின் பெயர் இருந்தால் அது கார்டியே செய்தது என்று நிறுவனம் கருத்துச் சொல்கிறது, அதற்குப் பொறுப்பும் ஏற்கிறது. கார்டியே கையொப்பம் உள்ளது என்று மட்டும் போட்டால் நகையில் இருக்கும் கையொப்பம் கார்டியேயுடையது என்று கருதுகிறார்கள் என்ற அளவுதான். கல்லைக் கட்டியது கார்டியே என்று இருந்தால், வாடிக்கையாளர் கொண்டுவந்து கொடுத்த கல்லை அவர்கள் கட்டிக்கொடுத்தார்கள் என்று பொருள். அதேபோல இன்னார் சேகரிப்பிலிருந்து என்பதும், இன்னாருடையதாகச் சொல்லப்படுகிறது என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது வகை வாசகத்தைப் பார்த்தால் நான் அந்தப் பெயருக்கு ஒரு காசும் கூடுதலாகத் தர மாட்டேன். பெரிய நகைகளுக்கே இந்தத் தொல்லை உண்டு. லா பெரெக்ரினா முத்தை இங்கிலாந்தின் முதலாம் மேரி அணிந்தாள் என்று காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள், ஆய்வாளர்கள் பலர் இன்று அதை ஏற்பதில்லை. ஸ்பெயின் அரச குடும்பத்தில் இருந்தது, ரிச்சர்ட் பர்ட்டன் 1969-ல் ஏலத்தில் 37,000 டாலருக்கு வாங்கி எலிசபெத் டெய்லருக்குக் கொடுத்தது, 2011 டிசம்பரில் கிறிஸ்டீஸ் நியூயார்க்கில் 1 கோடியே 18 லட்சம் டாலருக்குப் போனது, இவ்வளவும் உறுதி. மேரியைச் சேர்க்காவிட்டாலும் அந்த வரலாறு சின்னதில்லை.

அடுத்து, நகையின் பின்பக்கம். முன்பக்கத்தைப் பார்த்து மயங்குவது எல்லோருக்கும் வரும். பின்பக்கத்தில்தான் முத்திரை, பற்றவைத்த தடம், மாற்றிய கொக்கி எல்லாம் தெரியும். பிரெஞ்சு நகை என்றால் 18 காரட் தங்கத்துக்குக் கழுகுத் தலை முத்திரை 1838-லிருந்து, பிளாட்டினத்துக்கு நாய்த் தலை 1912-லிருந்து. 1890 என்று சொல்லிக்கொண்டு நாய்த் தலை முத்திரையோடு ஒரு ப்ரூச் (உடையில் குத்தும் நகை) வந்தால் கேள்வி கேட்க வேண்டும். 18-ம் நூற்றாண்டுக் கட்டடமாக (கல்லைப் பதித்த அமைப்பாக) இருந்தால் பல கற்களுக்குப் பின்புறம் மூடியிருக்கும், உள்ளே தகட்டுத் தாள் வைத்திருப்பார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் கல் பளிச்சென்று தெரிய அதுதான் வழி. அந்த மாதிரி நகையில் தண்ணீர் பட்டால் தாள் கறுத்துப் போகும், அதனால் பழுதில்லாமல் வந்தவை குறைவு. பழைய கட்டடத்தில் நவீன பட்டை போட்ட கல் ஒன்று உட்கார்ந்திருந்தால் அது பிற்பாடு மாற்றியது. டியாராவின் (தலையில் அணியும் நகையின்) ஒரு துண்டை ப்ரூச்சாக மாற்றியதும் நிறைய உண்டு. இதெல்லாம் தப்பில்லை, மறைக்காமல் சொல்லியிருக்க வேண்டும். நிலை அறிக்கை கேட்டால் அனுப்புவார்கள், கேட்காமல் கை தூக்கக்கூடாது.

கல்லுக்கு ஆய்வகச் சான்று. எஸ்எஸ்இஎஃப், கியூபெலின், ஜிஐஏ, ஏஜிஎல், இவற்றில் குறைந்தது ஒன்று, பெரிய கல்லுக்கு இரண்டு. காஷ்மீர் நீலம் என்று ஒரு வரி சான்றில் இருந்தால் விலை எங்கோ போய்விடும், ஏனென்றால் 1880-களின் தொடக்கத்தில் மலைச்சரிவில் தெரியவந்த அந்தப் படிவில் நல்ல கற்கள் சில வருடங்களிலேயே தீர்ந்துவிட்டன. மாணிக்கத்துக்கு பர்மா, சூடு காட்டாதது. மரகதத்துக்கு எண்ணெய் ஏற்றியிருக்கிறதா என்பது. முத்து இயற்கையா வளர்ப்பா என்று எக்ஸ்ரே எடுத்துத்தான் சொல்ல முடியும், கண்ணால் பார்த்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

கடைசியாக எனக்கு ஆற்றாமையாக இருக்கும் ஒன்று. விட்டல்ஸ்பாக் வைரம், 35.56 காரட் நீலம், பவேரிய அரச குடும்பத்தின் கிரீடத்தில் இருந்தது. 2008 டிசம்பரில் லண்டனில் 1 கோடியே 64 லட்சம் பவுண்டுக்கு லாரன்ஸ் கிராஃப் வாங்கினார். வாங்கி அதை மறுபடி பட்டை தீட்டி 31.06 காரட் ஆக்கினார். நிறமும் தெளிவும் சான்றில் ஏறின. ஆனால் பதினேழாம் நூற்றாண்டுக் கை வைத்த பட்டைகள் போயேபோய்விட்டன. நீரோட்டம் கூடியது என்று எத்தனை பேர் பாராட்டினாலும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பழைய கல்லை வாங்குகிறவர் அதன் வயதையும் சேர்த்துத்தான் வாங்குகிறார், அதை உரசித் தள்ள யாருக்கும் உரிமை இல்லை என்பது என் கருத்து.

தெற்குவாசல் எழுதியது:

ஆர்க்காடு வைரத்துக்கும் அதே கதிதான். ஆர்க்காடு நவாப் முகமது அலி வாலாஜா இங்கிலாந்து ராணி ஷார்லட்டுக்குக் கொடுத்த வைரங்கள் அவை. 1837-ல் வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு குடும்பத்துக்குப் போய், 1930-ல் லாக்லோஷ் செய்த டியாராவில் ஏறி, 1959-ல் ஹாரி வின்ஸ்டன் அந்த டியாராவை வாங்கியபின் தனித்தனி மோதிரமாயின. இரண்டாவது கல் மறுபடி தீட்டப்பட்டு 17.21 காரட்டாக 2019 ஜூனில் கிறிஸ்டீஸ் நியூயார்க்கில் சுமார் 34 லட்சம் டாலருக்குப் போனது. கத்தார் அல் தானி சேகரிப்பின் ஏலம் அது, மொத்தம் 10 கோடியே 90 லட்சம் டாலர்.

இங்கே யாரும் தொடாத ஒரு கேள்வியை நான் கேட்கிறேன். கைமாறிய வரலாறு சுத்தமாக இருக்கிறது என்றால் போதுமா, அந்தக் கைகள் சுத்தமா என்றும் பார்க்க வேண்டாமா? 1898-ல் பிப்ரஹ்வா ஸ்தூபியில் புத்தரின் அஸ்தியோடு தோண்டி எடுத்த மணிகளை 2025 மே மாதம் சோத்பீஸ் ஹாங்காங்கில் ஏலம் போட இருந்தார்கள். தோண்டிய ஆங்கிலேயரின் வாரிசுகள் விற்றார்கள், எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு சந்தேகமும் இல்லை. அந்தத் தெளிவேதான் பிரச்சினை. இந்திய அரசு நோட்டீஸ் அனுப்பியதும் ஏலம் நின்றது, ஜூலையில் மணிகள் இந்தியா திரும்பின. 2023-ல் ஹைடி ஹோர்ட்டன் நகைகளை கிறிஸ்டீஸ் 20 கோடி டாலருக்கு மேல் விற்றது. நாஜிக் காலத்தில் யூதர்களின் கடைகளை நெருக்கடியில் வாங்கிச் சேர்த்த கணவரின் சொத்து என்று எதிர்ப்பு கிளம்ப, மிச்சத்தை விற்கும் திட்டத்தைக் கைவிட்டார்கள். பட்டியலின் கட்டுரையை வாசிக்கும்போது யார் அணிந்தார்கள் என்பதோடு யாரிடமிருந்து வந்தது என்றும் பாருங்கள்.

முத்துச்சிப்பி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, பின்பக்கத்தைப் பார் என்பது இனி மறக்காது. அப்படியென்றால் இந்த மாதிரி நகைகள் எல்லாம் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும், தனியார் கையில் போனால் உடைத்துவிடுவார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பழையபெட்டி எழுதியது:

அப்படியும் சொல்ல முடியாது. 1887-ல் அரச நகைகளை உடைத்து விற்றது பிரெஞ்சு அரசாங்கமே, இனி ராஜா வரக்கூடாது என்பதற்காக. பெரிய பங்கை டிஃபனி வாங்கிக்கொண்டு போனது. யூஜெனி அரசியின் டியாராவும் பெரிய வில்முடிச்சு ப்ரூச்சும் அப்போது வெளியே போனவை, பின்னாளில் ஒன்று ஜெர்மன் பிரபு குடும்பத்திடமிருந்தும் ஒன்று அமெரிக்கக் குடும்பத்திடமிருந்தும் 1992-லும் 2008-லும் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்குத் திரும்பின. அத்தனை காலமும் உடைக்காமல் வைத்திருந்தது தனியார்தான். திரும்பிய அந்த இரண்டுமே 2025 அக்டோபர் 19 அன்று லூவரில் திருடு போனவற்றில் அடக்கம். எனக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை.

யார் கையில் இருக்கிறது என்பதைவிட, எழுதி வைத்து, படம் எடுத்து, கல்லைத் தொடாமல் வைத்திருக்கிறார்களா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

கல்நோக்கி எழுதியது:

முத்துச்சிப்பி, இன்னொன்று. ஏலத்துக்கு முந்தைய சில நாட்கள் ஜெனீவா, லண்டன், நியூயார்க், ஹாங்காங் என்று நகைகளைக் காட்சிக்கு வைப்பார்கள். பொதுவாகக் கட்டணம் கிடையாது, வாங்குகிறவராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. நிறைய நகைகளைக் கேட்டால் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்துக் காட்டுவார்கள். விற்றபின் அவை எப்போது மறுபடி வெளியே வரும் என்று சொல்ல முடியாது. அந்த ஊர்ப் பக்கம் போக வாய்த்தால் ஒரு லென்ஸை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், 10 மடங்கு லென்ஸே போதும்.