மூடுபனியில் பதின்மூன்று கண் பாலம்: படம் சாம்பலாகவும் கலங்கலாகவும் வருகிறது

கேள்வி (செங்கோட்டை)

வணக்கம். சாரல் தொடங்கியதிலிருந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆரியங்காவைக் கடந்து கழுதுருட்டிக்குச் சென்று, 1904இல் மீட்டர் கேஜாகத் திறக்கப்பட்டு 2018இல் அகலப் பாதையாக மாறிய செங்கோட்டை–கொல்லம் ரயில் தடத்தின் பதின்மூன்று கண் பாலத்தில் காலை ரயில் போவதைப் படமெடுக்க முயன்றேன். கண்ணுக்குப் பால் போலத் தெரியும் பனி, படத்தில் அடுப்புச் சாம்பல் போல வருகிறது. ரயிலும் கலங்கலாக இருக்கிறது. கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸை 55இல் வைத்து, அபர்ச்சர் முறையில் (லென்ஸின் திறப்பை நான் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா தேர்ந்தெடுக்கும் முறை) திறப்பு எஃப் 11, ஒளியுணர்வு ஐ.எஸ்.ஓ. 100 என்று எடுத்தேன். லென்ஸை மாற்ற வேண்டுமா?

பதில் (புனலூர்)

லென்ஸுக்குச் செலவழிக்கும் முன் இரண்டு விவரங்கள் சொல்லுங்கள். படத்தின் ஷட்டர் வேகம் என்ன? ரயில் மட்டும் கலங்கியிருக்கிறதா, பாலத்தின் கல்லுமா? ரயில் மட்டும் என்றால் அதன் ஓட்டம் காரணம். எல்லாமே என்றால் கை நடுக்கம். அருகிலுள்ள ஒரு கிளை மட்டும் தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறிய இடத்தில் நின்றுவிட்டது என்று பொருள்.

கேட்டவர்

ஷட்டர் 1/15 வினாடி. கல்லும் கலங்கல்தான், ரயில் இன்னும் மோசம்.

பதில் (புனலூர்)

அப்படியானால் லென்ஸ் குற்றமற்றது. உங்கள் கேமராவின் சென்சார் சிறியது என்பதால், 55இல் கையில் பிடித்து எடுக்க ஏறத்தாழ 1/80 தேவை. அதிர்வுக் குறைப்பு கை நடுக்கத்தை ஓரளவு தாங்கும், ஓடும் ரயிலை அது ஒன்றும் செய்யாது. பாலம் நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும்போது எஃப் 11 எதற்கு? எஃப் 5.6 என்று திறப்பைப் பெரிதாக்கினாலும் அந்தத் தொலைவில் பாலமும் பின்னாலுள்ள மலையும் தெளிவாகவே விழும். அதில் இரண்டு படி (ஒரு படி என்றால் இரு மடங்கு) வெளிச்சம் மிஞ்சும், ஐ.எஸ்.ஓ. 800 வைத்தால் மேலும் மூன்று படி. 1/15 என்பது 1/500 ஆகிவிடும். ஐ.எஸ்.ஓ. 100ஐத் தாண்டுவது பாவம் என்று யாரோ உங்களை நன்றாகப் பயமுறுத்தியிருக்கிறார்கள். ஃபோகஸ் புள்ளியைப் பனியில் வைக்காமல், வளைவின் இருண்ட விளிம்பில் வையுங்கள்.

பதில் (செங்கோட்டை, ஸ்டூடியோ வைத்திருப்பவர்)

தம்பி, சாம்பலுக்குக் காரணம் வேறு. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துத்தான் வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் கணக்கிடுகிறது; ஆகவே வெண்மை நிறைந்த காட்சியை அது இருட்டாக்கிவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் புனலூர்ப் பக்கத்துக் கல்யாணம் ஒன்றில், பந்தி முழுவதும் வெள்ளைக் கசவு வேட்டியும் புடவையுமாக இருந்தவர்களை அழுக்குத் துணியில் காட்டிப் பெண் வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். மீட்டரின் கணக்கைத் திருத்தும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைக் கூட்டி +1 (ஒரு படி கூடுதல் வெளிச்சம்) வையுங்கள். படத்தின் இருளையும் வெளிச்சத்தையும் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம், வெளிச்சப் பக்கமான வலது ஓரத்தில் முட்டினால் சற்றுக் குறையுங்கள். ஏ.சி. காரில் போனால், பையைத் திறக்காமல் கால் மணி நேரம் வெளிக்காற்றில் வைத்திருங்கள். இல்லாவிட்டால் கண்ணாடியில் நீர் பூத்து, அதையும் பனி என்று நினைத்துவிடுவீர்கள்.

கேட்டவர்

இன்று முயன்றேன், ஐயா. பனி வெள்ளையாகவே வந்தது, கல்லும் தெளிவு. ஆனால் பெட்டியின் மேலுள்ள எழுத்துகள் சற்றே இழுபட்டிருக்கின்றன. ஷட்டர் 1/250 காட்டுகிறது. 1/500 அல்லவா வர வேண்டும்?

பதில் (புனலூர்)

+1 வைத்ததன் விலை அது. அபர்ச்சரை நீங்கள் பிடித்துக்கொண்டதால், கூடுதல் வெளிச்சத்தைக் கேமரா ஷட்டரைத் தாமதப்படுத்தியே எடுத்தது. ஐ.எஸ்.ஓ. 1600 ஆக்குங்கள், 1/500 திரும்பிவிடும். புள்ளி புள்ளியாகச் சிறிது தெரியலாம், ஆனால் இருட்டாக எடுத்துப் பிறகு கணினியில் வெளுக்கும்போது வரும் புள்ளிகளைவிட அது குறைவே.

கேட்டவர்

அடுத்த ஞாயிறு 1600இல் எடுத்தேன். பெட்டி எண்ணைக்கூடப் படிக்க முடிகிறது. லென்ஸ் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன்.