சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: 15,300 கிலோமீட்டரா, 16,700-ஆ?

யீஷூன் மகள்:
ஜூலையில் அப்பாவை அழைத்துக்கொண்டு நியூஜெர்சியில் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். சாங்கியிலிருந்து, நியூயார்க்கை ஒட்டியிருக்கும் நுவார்க்கிற்கு நேரடி விமானம். அப்பாவுக்கு 72 வயது. கும்பகோணம்–சென்னை தடத்தில் 28 வருடம் பஸ் ஓட்டியவர். தூரத்தையும் நேரத்தையும் அவரிடம் குத்துமதிப்பாகச் சொல்லித் தப்ப முடியாது. வரைபடத்தில் அளந்தால் சுமார் 15,300 கி.மீ. வருகிறது. 2018-இல் இந்தச் சேவை மீண்டும் தொடங்கியபோது விமான நிறுவனம் சொன்னதோ சுமார் 16,700 கி.மீ., 18 மணி 45 நிமிடம். “மீதி 1,400 எங்கிருந்து வந்தது? சென்னைக்கு இரண்டு நடை போய்த் திரும்பிவிடலாமே!” என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். என்ன பதில் சொல்வது? அவ்வளவு நேரம் அவரால் உட்கார முடியுமா என்பதும் எனக்குப் பெரிய கவலை.

பொத்தோங் பாசிர்:
பிராங்க்பர்ட்டில் நின்று நியூயார்க் போகும் விமானமும் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், ஆனால் நடுவில் இறங்கிக் காலை நீட்டலாம். நுவார்க் விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது, மொத்தம் 161 இருக்கைதான். விலையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெம்பனிஸ் வாசி:
போன ஜூலையில் 69 வயது அம்மாவுடன் இதே விமானத்தில் போய் வந்தேன்.

அப்பாவிடம் ஒரு பந்தையும் நூலையும் கொடுங்கள். இரண்டு ஊரும் உருண்டையின் ஏறத்தாழ எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், நூலை இழுத்துப் பிடித்தால் வடதுருவத்தை ஒட்டிப் போகும். அந்த நூலின் நீளம்தான் 15,300. விமானம் பெரும்பாலும் அந்த வழியில் போவதில்லை. பசிபிக்கின் மேலே மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான மேல்காற்று ஓடுகிறது. அதைப் பின்னால் வாங்கிக்கொண்டு போனால் தூரம் கூடினாலும் எரிபொருளும் நேரமும் மிச்சம். ஊருக்குள் நுழையாமல் புறவழிச்சாலையைப் பிடிப்பது அவர் அறியாததா? திரும்பும்போதும் பெரும்பாலும் கிழக்கு நோக்கியே, அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வரும். போய்த் திரும்பினால் உலகத்தையே ஒரு சுற்று சுற்றியிருப்பார்!

உட்காரும் விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். மருத்துவரிடம் கேட்டு, கெண்டைக்காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறை வாங்கினேன். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை அம்மாவை எழுப்பி, பின்னால் இருக்கும் சமையலறைத் திரைவரை நடக்க வைத்தேன். அப்படியும் பத்தாவது மணி நேரத்தில், கழற்றி வைத்திருந்த செருப்பின் வாரில் பாதம் நுழையவில்லை. கைப்பையில் தளர்வான ரப்பர் செருப்பு ஒரு ஜோடி இருந்ததால் பிழைத்தோம். அதை மறக்காதீர்கள்.

ஜூலையில் நேர வித்தியாசம் சரியாக 12 மணி. அம்மாவின் சாவி கொடுக்கும் கைக்கடிகாரத்தில் முள்ளைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. குடிநுழைவு வரிசையில் சுவர்க் கடிகாரத்தையும் தன் மணிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தபடியே நகர்ந்தார்.

யீஷூன் மகள்:
மிக்க நன்றி. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். 16,700-ஐப் பதினெட்டே முக்காலால் வகுத்து, “மணிக்கு 890. விமான வேகத்துக்கு இது பொருந்துகிறது, அவர் சொல்வது சரி” என்றார். நேரடி விமானத்திலேயே பதிவு செய்கிறேன். சனிக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறோம். அந்தக் காலுறையைக் கெண்டைக்காலை அளந்து வாங்க வேண்டுமா, செருப்பு அளவைச் சொன்னால் போதுமா?